கல் நட்ட பிறகு வந்தவர்கள்

கொத்தடிமை விடுதலைச் சான்றில் சப் கலெக்டர் கையெழுத்துப் போட்டதும் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். சட்டத்தின் பிரிவுகளைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சான்றை வாங்கியவர் அதை எடுத்துக்கொண்டு எங்கே போவார், அங்கே அவரை யார் ஏற்றுக்கொள்வார் என்று அதில் சொல்லித் தர மாட்டார்கள். அதை நான் ஜவ்வாது மலையில் ஒரு பிற்பகலில் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. திருப்பத்தூரில் துணைத் தாசில்தாராக இருந்த என்னைத் தனிப்பணியாக இதற்குப் போட்டார்கள். ஒரு பெண்ணை மலைக்கும் காட்டுக்கும் அனுப்புவதா என்று ஆபீசில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. பக்கத்தின் நடுவே கோடு போட்டு, நான் பார்த்ததை இடப்பக்கமும், பிறர் சொல்லிக் கேட்டதை வலப்பக்கமும் எழுதுவேன். இரண்டையும் கலக்க மாட்டேன். அந்தப் பழக்கத்துக்கும் ஆபீசில் சிரிப்பு இருந்தது.

ஒடுகத்தூர் சந்தையில் ஒரு பேச்சு அடிபடுவதாக எனக்குத் தகவல் வந்தது. அடிவாரத்துக்கு அப்பால் ஒரு வறண்ட ஏரியில் கருவேல மரம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிறார்கள். அங்கே மலை ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். யாரோடும் பேசுவதில்லை, சந்தைக்கு வருவதில்லை, திருவிழாவுக்கு ஊருக்குப் போவதும் இல்லை. அவ்வளவுதான் தகவல். டிரைவர் கரீம் பாயோடு போனேன்.

நான் எதிர்பார்த்துப் போனது பூட்டு, வேலி, காவலாள். ஒன்றும் இல்லை. ஏரியின் நடுவில் மண் பூசிய மூட்டங்கள் வரிசையாகப் புகைந்துகொண்டிருந்தன. காற்று இல்லாததால் புகை மேலே போகாமல் இடுப்பளவில் தங்கியிருந்தது. அதற்குள் ஐந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தலைமுடி, புருவம், துணி, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஜீப் சத்தம் கேட்டு யாரும் நிமிரவில்லை. எந்த வேலையிடத்திலும் ஜீப் வந்தால் ஒருவராவது திரும்பிப் பார்ப்பார்.

மேஸ்திரி வெள்ளைச் சட்டையில் வந்தார். மலையிலிருந்து ஆள் கூட்டி வருவதும் வேலை வாங்குவதும் அவர்தான்.

"பாருங்க மேடம், நல்லா பாருங்க. பூட்டு கீதா? வேலி கீதா? ரோடு அதோ தெரியுது. போறவன நான் இன்னா கால புடிச்சா நிறுத்தப் போறேன்?"

"முன்பணம் குடுத்தீங்களா?"

"வரும்போது குடுத்தது. அது எப்பவோ கழிஞ்சி போச்சு. இப்ப யாரும் எனக்குத் தர வேண்டியது இல்ல. அவங்களையே கேளுங்க."

கேட்டேன். முதலில் பெயர் கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. பயந்தவர்கள் முதலாளியின் முகத்தைப் பார்ப்பார்கள். இவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. தங்களிடம் இல்லாத ஒன்றை நான் கேட்டதுபோல நின்றார்கள். கடைசியில் ஒரு பெண் பேசினாள். முப்பது வயது இருக்கலாம், சாம்பலில் சொல்ல முடியவில்லை.

"பேரு இன்னாத்துக்கு அம்மா? எங்களுக்கு ஊர்ல கல்லு நட்டாச்சு."

புரியவில்லை என்றேன். மூட்டத்தின் ஓட்டையை மண்ணால் அடைத்துக்கொண்டே சொன்னாள். அவர்களுக்கு மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே ஒருவர் இறந்தால் சரிவில் ஒரு கல் நடுவார்கள். நட்ட பிறகு அந்தப் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. உச்சரித்தால் செத்தது எழுந்து வந்துவிடும்.

"நாங்க வந்த மறு மழைக்கு மேஸ்திரி மேல போய்ட்டு வந்தாரு. கீழ வாந்திபேதியில நீங்கல்லாம் போய்ட்டீங்கன்னு யாரோ சேதி சொல்லிட்டாங்கோ, ஊர்ல கல்லு நட்டுட்டாங்கோ, இனிமே போனா பேயின்னு நெனப்பாங்கோன்னாரு."

"அவர் பொய் சொல்லியிருக்கலாம் இல்லையா?"

அவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவனைக் காட்டினாள். "அவன் நம்பல. போய்ப் பாத்துட்டு வர்றேன்னு போனான். போனவன் அவனே திரும்பி வந்துட்டான். வந்ததுலர்ந்து வாயே தொறக்கல."

அந்த மனிதன் எங்கள் பக்கம் திரும்பவில்லை. கரித்துண்டுகளைப் பெரியது சிறியதாகப் பிரித்துக்கொண்டிருந்தான். வேலியே இல்லாமல் அந்த இடம் எப்படி நடக்கிறது என்பது எனக்கு அப்போது விளங்கியது. கரீம் பாய் வாய்க்குள் ஏதோ ஓதினார்.

சேதி சொன்ன 'யாரோ' மேஸ்திரிதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது நான் பார்த்தது அல்ல, ஊகித்தது. நாட்குறிப்பின் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

சப் கலெக்டருக்கு அறிக்கை அனுப்பும்போதுதான் சிக்கல். கடன் நிற்கவில்லை, அடி இல்லை, பூட்டு இல்லை. இதை எப்படிக் கொத்தடிமை என்பது? சட்டத்தின் விளக்கப் பிரிவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முன்பணத்தில் தொடங்கி, நாட்டில் எங்கும் தடையின்றிப் போகும் உரிமையை ஒருவர் இழந்தால் அதுவும் கொத்தடிமைதான் என்று அதில் இருக்கிறது. தடை கம்பியால் ஆனதாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அதையே எழுதினேன். சப் கலெக்டர் இளைஞர்; நிறைய யோசித்துவிட்டு அறிக்கையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார். மேஸ்திரி மேல் வழக்குக்கும் எழுதினார்.

சான்றில் எழுதப் பெயர் வேண்டும் என்று மறுபடி ஏரிக்குப் போனேன். அந்தப் பெண் நாலா பக்கமும் பார்த்துவிட்டு, முதலில் தன் பெயரைச் சொன்னாள்: வெள்ளச்சி. பிறகு மற்ற நால்வர் பெயர்களையும் அவளே சொன்னாள். பேசாத மனிதன் பெயர் சடையன். நான் எழுதி முடித்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள்:

"எழுதிட்டீங்க. இனிமே வந்தா உங்ககிட்டதான் வரும்."

எது வரும் என்று கேட்டேன். அவள் மூட்டத்தைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அழைத்துப்போக வந்த அன்று மேஸ்திரி தடுக்கவில்லை. வழக்கு இன்னும் பதிவாகவில்லை, அவர் வெளியில்தான் இருந்தார்.

"கூட்டினு போங்க மேடம். நான் ஒடுகத்தூர்ல லாரியோட நிக்கறேன். பொழுது சாயறதுக்குள்ள தானா எறங்கி வருவாங்கோ." அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

பாதை முடியும் இடம்வரை ஜீப்பில் போய், பிறகு நடந்தோம். மலையில் பிற்பகலிலேயே மூடுபனி இறங்கியிருந்தது. முன்னால் நானும் கரீம் பாயும், பின்னால் ஐந்து பேரும். குளித்துச் சாம்பல் போயிருந்தது. நடை மட்டும் மாறவில்லை, காலடிச் சத்தமே இல்லை. வெள்ளச்சி வழியில் தன் மகளைப் பற்றிச் சொன்னாள். சின்னி என்று பெயர். விட்டுவிட்டு வந்தபோது பால்பல் விழுந்துகொண்டிருந்தது. அக்காவிடம் விட்டிருந்தாள்.

ஊர் எல்லையில் நாய்கள் எங்களைப் பார்த்துக் குரைத்தன. பின்னால் வந்தவர்கள் தெரிந்ததும் ஒரேயடியாக நிறுத்திவிட்டன. கரீம் பாய் நின்றுவிட்டார்.

"மேடம், நம்மளப் பாத்து கொலைச்சுது. அவங்களப் பாத்து கொலைக்கல."

நான் முன்னால் நடந்தேன்.

ஊரில் எல்லோரும் வேலையாக இருந்தார்கள். ஒருத்தி உலர்த்திய புளியை வாரிக்கொண்டிருந்தாள், ஒருவர் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். யாரும் ஓடவில்லை, கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண் ஐந்து பேர் நின்ற இடத்துக்கு வந்ததும், வழியில் கம்பம் நட்டிருந்தால் எப்படி விலகுவாளோ அப்படி விலகிப் போனாள். கண் அவர்கள்மேல் ஒருமுறைகூட நிற்கவில்லை. என்னைப் பார்த்தார்கள், கரீம் பாயைப் பார்த்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வந்ததுபோலவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்து, திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

ஒரு வீட்டு வாசலில் ஒரு சிறுமி புளி தட்டிக்கொண்டிருந்தாள்.

"சின்னி" என்றாள் வெள்ளச்சி.

சிறுமியின் கை நடுவில் நின்றது. பிறகு மறுபடி தட்டத் தொடங்கியது. தலை நிமிரவில்லை. உள்ளே இருந்து வந்த ஒரு பெண், வெள்ளச்சியின் அக்காவாகத்தான் இருக்க வேண்டும், கொஞ்ச தூரம் நடந்துபோய் ஒரு பாறையின்மேல் இலை போட்டுச் சாமைச் சோறு வைத்தாள். தெற்குப் பக்கம் பார்த்து வைத்தாள். பின்னால் திரும்பாமல் உள்ளே போனாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

சடையன் நேராகப் போய் அந்த இலைமுன் உட்கார்ந்தான். பல மாதங்களாகப் பேசாதவன் அப்போது பேசினான்.

"போன தபாவும் இதான் வெச்சாங்கோ." சாப்பிடத் தொடங்கினான்.

ஊர்க்கவுண்டர் வந்தார். என்னைக் கும்பிட்டார், பாய் போடச் சொன்னார், மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

"நீங்க வந்தது சரிங்க. அதுங்கள எதுக்கு இட்டாந்தீங்க?"

"அவங்க உயிரோடுதான் இருக்காங்க கவுண்டரே. சாப்பிடறாரு பாருங்க."

"செத்ததுக்கும் பசிக்கும்ங்க. அதுக்குத்தான் சோறு வெக்கறோம். வூட்டுக்குள்ள மட்டும் வுட மாட்டோம்."

சான்றை எடுத்துப் படித்தேன். அரசு முத்திரையைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "இது கீழ் நாட்டுக்குத்தான் செல்லுங்க" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி தெரிந்தது. போலீஸ் வரும், வழக்கு வரும் என்று மிரட்டலாம். பயந்து வீட்டுக்குள் விட்டிருப்பார்கள். நான் இறங்கியதும் வெளியே விட்டிருப்பார்கள். அல்லது, என் வேலை சான்று கொடுப்பதோடு முடிந்தது என்று திரும்பலாம். விதிப்படி அதில் ஒரு தவறும் இல்லை. ஆடு, வீட்டுமனை, மற்ற உதவிகள் எல்லாம் பிறகு வரும். நான் யோசிப்பதைப் பார்த்த வெள்ளச்சி தன் துணி மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"போலாம் அம்மா. லாரி நிக்கும்."

மேஸ்திரி சொன்ன 'தானா எறங்கி வருவாங்கோ' அதுதான். அவள் மகள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் இறங்கினால் மறுபடி ஏற மாட்டாள். அது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது.

"கல்லைக் காட்டுங்க" என்றேன்.

ஊருக்குப் பின்னால் ஒரு சரிவு. பனிக்குள் முழங்கால் உயரக் கற்கள் நின்றன. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். இவ்வளவு சின்ன ஊருக்கு மிக அதிகம். புதிய கற்கள் ஒரு பக்கமாக, பாசி படியாமல் நின்றன. கவுண்டர் வெள்ளச்சியின் கல்லைக் கையால் காட்டினார், பெயர் சொல்லவில்லை.

என் நாட்குறிப்பின் நடுக்கோடு அப்போது நினைவுக்கு வந்தது.

"கவுண்டரே, இவ இறந்ததை யார் பார்த்தது?"

"வாந்திபேதிங்க."

"யார் பார்த்தது?"

"மேஸ்திரி வந்து சொன்னாருங்க."

"அவர் சொன்னதைக் கேட்டீங்க. பிணத்தை யார் பார்த்தது?"

அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஊர் ஆட்கள் சிலர் வந்து நின்றிருந்தார்கள். புளியமரத்திலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"கல்லு நட்டாச்சுங்க" என்றார் கடைசியில். "எடுக்கணும்னா கல்லாண்ட நின்னு பேர் சொல்லி மூணு தபா கூப்புடணும். இந்தப் பக்கத்துலர்ந்து பதில் வந்தா உசுரு. கல்லுக்குள்ளர்ந்து வந்தா, கூப்ட்டவங்க உசுருல பங்கு கேக்கும். எங்க ஆளுங்க யாரும் கூப்புட மாட்டாங்கோ." கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்த்தார். "பேர் எழுதனது நீங்கதானேங்க? நீங்க பாதி கூப்ட்டாச்சு."

கரீம் பாய் என் முழங்கை அருகே வந்து, "வேணாம் மேடம், நாளைக்கு ஆள வெச்சிப் பாத்துக்கலாம்" என்றார். இருபது வருடம் மலைப் பாதையில் வண்டி ஓட்டியவர்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் கல்லின் முன் நின்று வாயைத் திறந்தபோது முதலில் குரல் வரவில்லை. அதை இடப்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அது நடந்தது. பிறகு கூப்பிட்டேன்.

"வெள்ளச்சி."

பதில் இல்லை.

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. அவள் எனக்கு நாலடி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஏன் வாய் திறக்கவில்லை? திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கவுண்டர் கை காட்டினார். கல்லின் அடியில் ஈரமண் கறுப்பாக இருந்தது. பதில் எந்தப் பக்கத்திலிருந்து வரப் போகிறதோ என்று நானும் காத்திருந்தேன் என்பதே உண்மை.

"வெள்ளச்சி."

அப்போதும் இல்லை. எனக்குப் புரிந்தது. இத்தனை நாளாக அவளுக்கும் சந்தேகம்தான். தான் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

என் காலை ஏதோ உரசியது. கரீம் பாய் கத்திவிட்டார். ஒரு நாய். என்னைத் தாண்டிப் பின்னால் போயிற்று. அடுத்து நாய் முனகும் சத்தமும், அதைத் தேடி ஓடிவந்த சிறுமியின் குரலும் கேட்டன. "மணி, வா இங்க." பிறகு அந்தக் குரல் மிகவும் சன்னமாக, யாரிடமும் இல்லாமல், கேட்டது:

"செத்தவங்க கைய நாய் நக்குமா?"

எல்லையில் அந்த நாய்கள் ஏன் குரைக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெரிந்தவர்களைப் பார்த்து நாய் எதற்குக் குரைக்கும்? அதைச் சத்தமாகச் சொன்னேன். முதல்முறையாகக் கவுண்டரின் கண் கல்லை விட்டு எனக்குப் பின்னால் போயிற்று.

மூன்றாம் முறை கூப்பிட்டேன்.

"இங்க கீறேன்" என்றாள் வெள்ளச்சி. அழுகையும் இருமலும் கலந்த குரல், கரிப்புகை குடித்த தொண்டை. "இங்கதான் கீறேன் அம்மா."

கல்லைச் சொந்தக்காரர்தான் பிடுங்க வேண்டுமாம். சின்னி வந்து ஒரு பக்கம் பிடித்தாள், தாய் மறுபக்கம் பிடித்தாள். சிறுமி தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டே இழுத்தாள். கல் வந்தது. அடியில் எறும்புப் புற்றைத் தவிர ஒன்றும் இல்லை. ஊர் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா வந்து வெள்ளச்சியின் தலையில் அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள்.

மற்ற நால்வரையும் வரிசையாகக் கூப்பிட்டேன். சடையன் முதல்முறை கூப்பிட்டதுமே மலை எதிரொலிக்கப் பதில் சொன்னான். "மெதுவா சொல்லுய்யா, இங்கதானே நிக்கறோம்" என்றார் கரீம் பாய். அன்று முதன்முதலாக யாரோ சிரித்தார்கள்.

நான் இறங்கத் தயாரானபோது வெள்ளச்சி இன்னும் சரிவிலேயே நின்றிருந்தாள். புதிய கற்களில் ஒன்றைத் தொட்டு, "இது யாருது?" என்று கேட்டாள். கவுண்டர் தயங்கினார். பிறகு, தானே ஒரு பெயரைச் சொன்னார்: "மேலூர் ஆண்டி."

"அவன நான் பாத்தேனே. வேற லாரியில ஏத்தினு போனாங்கோ. உசுரோடதான் போனான்."

நான் கவுண்டர் பக்கம் திரும்பினேன்.

"சேதி கொண்டு வந்தது யாரு?" என்று கேட்டேன்.

"மேஸ்திரிதாங்க."

"இந்தக் கல்?"

"இது பாம்பு கடிச்சுதுங்க. நான்தான் எடுத்துப் போட்டேன்."

"இது?"

"மேஸ்திரி."

அடுத்தது. அதற்கடுத்தது. பனி கல்லை மறைக்கும்வரை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனோம். ஒரு கட்டத்தில் கவுண்டர் என் கேள்விக்குக் காத்திராமல் அவரே சொல்லத் தொடங்கினார். இத்தனை நாள் இவர்களுக்குச் சோறு வைத்திருக்கிறார். தேடிப் போகவில்லை.

ஒடுகத்தூரில் லாரி நின்றுகொண்டிருந்தது. மேஸ்திரி எழுந்து வந்து எங்கள் ஜீப்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. அவர் வாயில் சிரிப்பு அப்படியே இருந்தது, அதைச் சுற்றி முகம் மாறியது. "எப்பத் திரும்பி வருவாங்கோ மேடம்?" என்றார். நான் ஆண்டி எங்கே என்று கேட்டேன். அவர் கைப்பிடியைத் தேடுபவர்போல லாரிக் கதவைத் தடவினார்.

இளைய நண்பர்களே, ஆட்களைக் கடத்துகிறவன் இரண்டு இடத்தில் பொய் சொல்கிறான். வேலையிடத்தில் சொல்வதை நாம் கண்டுபிடித்துவிடுகிறோம். வீட்டில் போய்ச் சொல்வதை விட்டுவிடுகிறோம். அவன் தொழிலை நிற்க வைப்பது அந்த இரண்டாவது பொய்தான். ஆகவே மீட்கப் போவதற்கு முன்பு அவர்களுடைய ஊருக்குப் போங்கள். யார் இல்லை என்று கேட்காதீர்கள். இல்லாதவரைப் பற்றிச் சேதி சொன்னது யார் என்று கேளுங்கள். அந்த மலையில் அதன்பிறகு எத்தனையோ ஊர்களில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டேன். சிலருக்குப் பதில் வந்தது. சிலருக்கு வரவில்லை. ஆண்டிக்கு வரவில்லை.

என்னிடம் பங்கு கேட்டு எதுவும் வந்ததா என்று கரீம் பாய் ஓய்வு பெறும்வரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

மாற்றலாகிப் போவதற்கு முன்பு அந்த ஊருக்குக் கடைசியாகப் போனேன். வெள்ளச்சிக்கு ஆடுகள் கிடைத்திருந்தன. வீட்டு வாசலில் பிடுங்கிய கல்லைப் படுக்கப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து சின்னியோடு புளி தட்டிக்கொண்டிருந்தாள். காலடியில் மணி.

"வாங்க அம்மா. குந்துங்க, என் கல்லுதான்" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

உட்கார்ந்தேன். வெயிலில் கல் சூடாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் சரிவு தெரியும். மேஸ்திரி சேதி கொண்டுவந்த கற்களை எடுத்துவிடலாமே, ஏன் இன்னும் நிற்கின்றன என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நிக்கட்டும் அம்மா. ஆண்டி வந்தா எங்க நின்னு கூப்புடறது?"